பெயர் வருமுன் வந்த பொருள்: புகைக்கரியும் நானோத் தொழிலும்

‘நானோ’ என்னும் சொல்லை நம்மில் பலர் முதன்முதலாகச் சந்தித்தது ஒரு சிறிய காரின் பெயராகத்தான் இருக்கும். 2008ஆம் ஆண்டு தில்லியில் அறிமுகமாகி, 2018ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன கார் அது. சிறியது என்ற பொருளில்தான் அப்பெயரை வைத்தார்கள். ஆனால் அந்தக் காரில், அறிவியலார் சொல்லும் முறையான பொருளில் ‘நானோ’ என்று அழைக்கத்தக்க பொருள் ஒன்று கிலோக்கணக்கில் இருந்தது. அது அதன் டயர்களின் கருமை. அந்தக் கார் மட்டுமன்று, சாலையில் ஓடும் ஏறக்குறைய எல்லா வண்டிகளும் அப்பொருளின் மீதுதான் உருண்டுகொண்டிருக்கின்றன.

நானோபொருள் என்றதும் வெண்ணிற ஆய்வுக்கூடமும், முகமூடி அணிந்த ஆய்வாளரும், நாளைய உலகின் மாயங்களும் நம் கண்முன் வருகின்றன. பத்திரிகைகள் அவ்வாறே எழுதிப் பழகிவிட்டன. ஐரோப்பிய ஆணையம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கைப் பார்த்தால் இந்தச் சித்திரம் சற்றுக் கலையும். உலகில் ஓராண்டில் விற்பனையாகும் நானோபொருள்கள் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டன் என்று அது மதிப்பிட்டது. அதில் 96 லட்சம் டன் ‘கார்பன் பிளாக்’ எனப்படும் கரித்தூள். 15 லட்சம் டன் சிலிக்கா. நாளிதழ்களில் பெரிதும் பேசப்பட்ட கரிம நானோகுழாய்கள் சில நூறு டன். நானோ வெள்ளி 20 டன் அளவு. ஆக, நானோத் தொழிலின் பெரும்பகுதி என்பது புகைக்கரித் தொழில். நம் பாட்டிமார் விளக்குச் சுடரின்மேல் சட்டியைக் கவிழ்த்துச் சேர்த்தார்களே, அந்தக் கரியின் நெருங்கிய உறவு.

இக்கட்டுரையில் நாம் காண முயல்வது அந்தக் கரியின் வரலாற்றைத்தான். அதன் வழியே ஒரு கேள்வியையும் எழுப்பிப் பார்க்கலாம். ஒரு பொருளை மனிதன் எப்போது ‘அறிகிறான்’? பயன்படுத்தும்போதா, கண்ணால் காணும்போதா, பெயரிடும்போதா?

முதலில் அளவைச் சொல்லிவிடுவோம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். கிரேக்க மொழியில் குள்ளன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பெறப்பட்ட இம்முன்னொட்டு, 1960ஆம் ஆண்டில்தான் பன்னாட்டு அளவை முறையில் இடம்பெற்றது. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் இவற்றுள் ஏதேனும் ஒன்றாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் அடங்கினால் அதை நானோபொருள் என்பது பொதுவான வழக்கு. தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒன்று. அந்த முந்திரியின் முந்திரி, கீழ்முந்திரி, 1,02,400இல் ஒன்று. ஒரு மீட்டரின் கீழ்முந்திரியை எடுத்து, அதற்கும் ஒரு கீழ்முந்திரி கண்டால், 0.1 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அது ஓர் அணுவின் குறுக்களவுக்கு அருகில் உள்ள அளவு. இதைக் கொண்டு கணக்கதிகாரக்காரர் அணுவை அறிந்திருந்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வகுத்துக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் அணு வந்துதான் தீரும்.

வகைகளும் இந்த அளவை ஒட்டியே பிரிக்கப்படுகின்றன. மூன்று திசையிலும் சிறுத்தது துகள். இரு திசையில் சிறுத்து ஒரு திசையில் நீண்டது இழை அல்லது குழாய். ஒரு திசையில் மட்டும் சிறுத்துப் பரந்தது தகடு. வெள்ளித் துகள் கிருமியைக் கொல்லப் பயன்படுகிறது. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெயில் தடுக்கும் பூச்சுகளில் சேர்கின்றன. சீரியம் ஆக்சைடு கண்ணாடியையும் மின்னணுச் சில்லுகளையும் மெருகிடுகிறது. இவற்றையெல்லாம் இங்கே விரிக்கவில்லை. கரிமம் என்னும் ஒரே தனிமம் இந்த மூன்று வடிவங்களையும் எடுத்திருக்கிறது என்பதும், மூன்றுமே புகையோடு உறவுடையவை என்பதும் நமக்குப் போதும்.

புகைக்கரியை மனிதன் தேடிச் சேர்த்தது எழுதுவதற்காகவும் தீட்டுவதற்காகவும். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியை வழித்துக் கண்மை செய்வது நம் வீடுகளில் அண்மைக்காலம் வரை இருந்த வழக்கம். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாது. விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச் சாற்றிலோ குழைத்து ஓலையின் மீது தடவித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கரி தங்கி எழுத்து எழுந்து நிற்கும். பள்ளியில் சேரும் பிள்ளைக்குப் புதுச் சுவடியில் மை தடவிக் கொடுக்கும் சடங்குக்கு மையாடல் என்றே பெயர். நாம் இன்று படிக்கும் சங்க நூல்கள் ஏட்டில் கண்ணுக்குப் புலப்பட்டதே இக்கரித்துகள்களின் நுண்மையால்தான். துகள் பருத்திருந்தால் கீறலில் தங்காது. துடைக்கும்போது துணியோடு போய்விடும்.

கரி சேர்ப்பதை ஒரு தொழிற்கூடத்தின் அமைப்போடு முதலில் விவரித்தவர்களுள் ஒருவர், கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். தம் நூலின் ஏழாம் பகுதியில் அவர் கூறும் முறை இது: ஓர் உலையில் பிசினை எரிக்கவேண்டும், அதன் புகை துளைகள் வழியாக அருகிலுள்ள வழவழப்பான சுவர்களும் வளைகூரையும் கொண்ட அறைக்குள் போகும், அங்கே சுவரிலும் கூரையிலும் கரி படியும். அதை வழித்தெடுத்து ஒரு பகுதியைப் பிசினில் குழைத்து மையாக்குவர். மீதியைச் சுவர் தீட்டுவோர் பசையோடு கலந்து கொள்வர். புகையைத் தனியறைக்கு அனுப்பிப் பொருளாக்கிய இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது, இருபதாம் நூற்றாண்டின் கரி ஆலையின் கருவை அங்கே காண்கிறோம்.

சீனத்தில் பைன் மரக்கரியால் செய்த மை ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்தது. பதினோராம் நூற்றாண்டின் அறிஞர் ஷென் குவோ ஒரு நுட்பமான செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். ஷான்ஷிப் பகுதியில் மண்ணிலிருந்து ஊறிவரும் ‘கல் எண்ணெயை’ எரித்து, அதன் கரியைச் சேர்த்து மை செய்து பார்த்தார். பைன் கரி மையைவிட அது மேலானது என்று கண்டார். மைக்காகவே வெட்டி வெட்டிப் பல மலைகளின் பைன் காடுகள் அழிந்துவிட்டன என்றும், இந்த எண்ணெய் மை ஒருநாள் உலகில் பரவும் என்றும் எழுதினார். பெட்ரோலியத்திலிருந்து கரி! இன்றைய கார்பன் பிளாக்கின் மூலப்பொருளும் பெரும்பாலும் பெட்ரோலிய, நிலக்கரி எண்ணெய்களே. அவர் நூல் 1088ஆம் ஆண்டை ஒட்டியது. ஒன்பது நூற்றாண்டு முந்திய இந்தச் சோதனை, தொழில் வரலாறுகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது.

இந்த மைத் தொழிலாளர் எல்லோரிடமும் பொதுவான ஓர் அறிவு இருந்தது. சுடருக்கும் தட்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு, காற்றை எவ்வளவு விடுவது, எப்போது வழிப்பது என்னும் அறிவு. காற்று போதாமல் எரியும்போது எண்ணெயின் மூலக்கூறுகள் உடைந்து, கரிம அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முப்பது நாற்பது நானோமீட்டர் அகலமுள்ள உருண்டைகளாகின்றன. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக அமைந்த உருண்டைகள். பின்னர் அவை திராட்சைக் கொத்துப்போல் பிணைகின்றன. இவையெல்லாம் விநாடியின் சிறு கூறுக்குள் நடந்து முடியும். அந்தக் கூறை எங்கே துண்டிப்பது என்பதுதான் மைத்தொழிலின் இரகசியம். தட்டின் உயரத்தால் அதைத் துண்டித்தார்கள்.

சுடருக்குள் கரி இருக்கிறது, சுடரின் மஞ்சள் ஒளியே அக்கரித் துகள்கள் வெம்மையில் ஒளிர்வதால் வருவது என்பதை ஹம்ஃப்ரி டேவி எடுத்துரைத்தார். அதைச் சிறுவர்க்கும் விளங்கும்படி சொன்னவர் அவருடைய மாணாக்கர் மைக்கேல் பாரடே. 1860-61 குளிர்காலத்தில் இலண்டனில் அவர் நிகழ்த்திய மெழுகுவத்தி பற்றிய சொற்பொழிவுகள் நூலாகி இன்றும் படிக்கப்படுகின்றன. விளக்கின் புகையாக வெளியேறும் கரி வீண் அன்று. அதுவே சுடருக்குள் இருந்தவரை ஒளியாயிருந்தது என்று அவர் காட்டினார். எனினும் அத்துகளின் அளவு பாரடேக்கு எட்டவில்லை. ஒளியின் அலைநீளமே நானூறு நானோமீட்டருக்குக் குறையாது. அதனினும் பன்மடங்கு சிறியதை எந்தக் கண்ணாடி வில்லையும் வடிவோடு காட்டாது.

இனி சக்கரத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிலத்திலிருந்து வந்த எரிவாயுவுக்கு எல்லா இடங்களிலும் வாங்குவோர் இல்லை. அதைச் சிறு சுடர்களாக எரித்து, மேலே வரிசையாக நிறுத்திய இரும்புத் தகடுகளில் கரியைப் படியவிட்டுச் சுரண்டி எடுக்கும் முறை அங்கே எழுந்தது. நம் பாட்டியின் சட்டிதான், ஆயிரம் மடங்காக. வாயுவில் இருந்த கரிமத்தில் மிகச் சிறு பங்கே பொருளாயிற்று. மீதி சுற்றுவட்டார வானத்தைக் கருக்கிற்று. அச்சு மைக்கும் வண்ணப் பூச்சுக்கும் அது விற்றது.

அக்காலத்து டயர்கள் வெளிறிய நிறம் கொண்டவை. மிஷலின் நிறுவனத்தின் விளம்பரப் பொம்மை இன்றும் வெள்ளையாக இருப்பது, அது 1898இல் பிறந்தபோது டயர் கறுப்பாக இல்லை என்பதன் நினைவுச்சின்னம். 1904ஆம் ஆண்டை ஒட்டி, இலண்டனின் சில்வர்டவுன் ரப்பர் ஆலையில் பணிபுரிந்த எஸ்.சி. மோட் என்பவர், ரப்பரில் போதிய அளவு கரித்தூளைக் கலந்தால் அதன் உறுதி பெரிதும் கூடுகிறது என்று கண்டார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் அம்முறையைப் பெற்றுக்கொண்டது. டயரின் ஆயுள் பல மடங்காயிற்று. பெருந்தொகையில் மலிவாக மோட்டார் வண்டி ஓடிய நூற்றாண்டுக்கு எண்ணெயும் எந்திரமும் காரணம் என்று படிக்கிறோம். தேயாத சக்கரமும் காரணம்.

கரி ஏன் ரப்பரை வலுவாக்குகிறது என்ற கேள்விக்கு விடை, துகளின் பரப்பில் இருக்கிறது. ஒரு பொருளை நொறுக்க நொறுக்க எடை மாறாது, மேற்பரப்பு மட்டும் பெருகிக்கொண்டே போகும். டயரின் ஓடுதளத்துக்குப் பயன்படும் ஒரு வகைக் கரித்தூளில் ஒரு கிராமின் மேற்பரப்பு ஏறத்தாழ 80 சதுர மீட்டர். ஒரு கார் டயரில் 2 கிலோ கரி இருப்பதாகக் கொண்டால், அதன் மொத்த மேற்பரப்பு 1,60,000 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 40 ஏக்கர். நாற்பது ஏக்கர் நிலம் முழுவதையும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் பற்றிக்கொண்டு நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், சக்கரம் ஏன் எளிதில் கிழிவதில்லை என்பது விளங்கும். பருத்த துகளாயின் அந்த நிலம் சுருங்கிவிடும். ரப்பர்த் தொழிலாளர் இதை எண்களால் குறிக்கின்றனர்: என்110, என்330, என்660 என்று. முதல் இலக்கம் ஏற ஏறத் துகள் பருக்கும். தரையைத் தொடும் பகுதிக்கு நுண்ணியது, உட்பகுதிகளுக்குப் பருத்தது. நானோ என்ற சொல் தொழிலுக்குள் நுழையுமுன்பே, நானோமீட்டரில் வேறுபடும் சரக்குகளைத் தரம் பிரித்து மூட்டை கட்டி விற்றிருக்கிறார்கள்.

1943ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்துப் போர்கர் என்னுமிடத்தில் பிலிப்ஸ் நிறுவனம் எண்ணெயைத் தெளித்து உலைக்குள் எரிக்கும் முறையைத் தொடங்கியது. எரியும் பொருள்மீது நீரைத் தெளித்துக் குளிர்வித்து, துகள் வளர்வதை வேண்டிய கணத்தில் நிறுத்தினார்கள். தட்டின் உயரம் செய்த வேலையை நீர்த்தாரை ஏற்றுக்கொண்டது. உலகம் இன்று பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகிறது. இந்தியாவில் பிலிப்ஸ் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுத் துர்காப்பூரில் ஆலை கண்டது. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். அறுபதுகளில் டயருக்கு வந்தது. வண்ண வண்ணப் பலூனுக்குக் கரி தேவையில்லை. டயருக்கு அதுவன்றி முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் டெகுசா நிறுவனத்தின் ஹாரி கிளோப்பர், கரித்தூளுக்கு மாற்றாக ஒரு ‘வெள்ளைக் கரி’யைத் தேடினார். 1942இல் அவர் கண்டது, சுடரில் பிறக்கும் நுண்சிலிக்கா. கரிக்கு மாற்றாக அது வரவில்லை. பசை, வண்ணப்பூச்சு, மருந்துத் தூள் எனப் பல வழிகளில் கிளைத்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1992இல், மிஷலின் நிறுவனம் வேறொரு வகைச் சிலிக்காவை டயரில் சேர்த்து, உருளும்போது ஏற்படும் ஆற்றல் இழப்பைக் குறைத்தது. எரிபொருள் மிச்சமாயிற்று. அந்த டயரும் கறுப்புத்தான். கரியை முற்றாக விலக்க அவர்களாலும் இயலவில்லை, அல்லது வாங்குவோர் வெள்ளைச் சக்கரத்தை ஏற்கமாட்டார் என்று அஞ்சியிருக்கலாம்.

எர்ன்ஸ்ட் ருஸ்காவும் அவர் தோழரும் 1930களில் உருவாக்கிய மின்னணு நுண்ணோக்கி இத்துகள்களைக் கண்ணுக்குக் கொண்டுவந்தது. இங்கேதான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது.

1952ஆம் ஆண்டில் ராதுஷ்கேவிச், லுக்யனோவிச் என்னும் இரண்டு சோவியத் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இரும்பின்மீது கார்பன் மோனாக்சைடைச் செலுத்தி வெப்பப்படுத்தியபோது உருவான கரியை அவர்கள் நுண்ணோக்கியில் பார்த்தனர். ஏறத்தாழ 50 நானோமீட்டர் அகலமுள்ள உள்ளீடற்ற கரிம இழைகள் படங்களில் தெளிவாகத் தெரிகின்றன. கட்டுரை உருசிய மொழியில், சோவியத் இயல்வேதியியல் இதழில் வந்தது. பனிப்போர்க் காலம், மேலைநாட்டில் அதைப் படித்தவர் அரிது. 1970இல் ஜப்பானிய வேதியியலார் எய்ஜி ஒசாவா, அறுபது கரிம அணுக்கள் கால்பந்தின் தையல் வடிவில் சேர்ந்து ஒரு மூலக்கூறாகலாம் என்று எழுதினார். ஜப்பானிய மொழியில், ஜப்பானிய இதழில். 1985இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவரும் அதே மூலக்கூறைச் சோதனையில் கண்டபோது ஒசாவாவின் கட்டுரையை அவர்கள் அறியவில்லை. அவர்களுக்கு 1996இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1976இல் மொரினோபு எண்டோ பிரான்சு நாட்டு ஆய்வாளரோடு சேர்ந்து கரிமக் குழாய்களின் படங்களை வெளியிட்டிருந்தார். ஆனால் 1991இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தைச் சேர்ந்த சுமியோ இயிஜிமா ‘நேச்சர்’ இதழில் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைதான் கரிம நானோகுழாயின் பிறப்பாக உலகெங்கும் கொண்டாடப்பட்டது. இயிஜிமாவின் பங்கைக் குறைப்பது நம் நோக்கமன்று. குழாயின் சுவரில் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று துல்லியமாகக் காட்டியவர் அவர். கால்பந்து மூலக்கூறால் உலகம் விழித்திருந்த நேரமும் அது. ஆயினும் 2006இல் ‘கார்பன்’ என்னும் ஆய்விதழ், குழாயைக் கண்டவர் யார் என்று தன் தலையங்கத்தில் எழுப்பி, 1952ஆம் ஆண்டுப் படங்களை மீண்டும் முன்வைக்கவேண்டி வந்தது.

தமிழில் எழுதும் நமக்கு இதைப் படிக்கையில் மனம் சற்று நிலைகொள்வதில்லை. கண்டது கண்டதுதான், ஆனால் எந்த மொழியில் கண்டார்கள் என்பதும் காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இந்த இடத்தில் கீழடியைப் பேசாமல் போக இயலாது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் ‘சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில், வேலூர் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று, கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானையோடுகளின் உட்புறக் கருமைப் பூச்சில் கரிம நானோகுழாய்கள் உள்ளன என்று அறிவித்தது. ஓடுகள் கி.மு. ஆறாம் நூற்றாண்டு அளவினவாகக் கருதப்படுபவை. இதற்கு முன், 2006இல், டிரெஸ்டன் நகர்ப் பேராசிரியர் பீட்டர் பாப்லர் குழுவினர், பதினேழாம் நூற்றாண்டுத் தமாஸ்கஸ் வாள் ஒன்றின் துண்டில் நானோகுழாய்களைக் கண்டதாக ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அத்தகைய வாள்களுக்குரிய உருக்கு தென்னாட்டிலிருந்து சென்றது. மேலைநாட்டார் ‘வூட்ஸ்’ என்று வழங்கிய சொல்லே உருக்கு, உக்கு என்னும் நம் மொழிகளின் சொல்லிலிருந்து வந்ததென்பர். கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் உருக்குக்கான மூசைகள் கிடைத்திருக்கின்றன. மூசைக்குள் இரும்போடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் இட்டு அடைத்தார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேரில் கண்டோர் எழுதியுள்ளனர். இரும்பு, கரிமம், நெடுநேர வெப்பம். 1952இல் சோவியத் ஆய்வாளர் உலையில் இட்டவையும் இவைதாம்.

இச்செய்திகள் வந்தவுடன் ‘ஈராயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் நானோத் தொழில்நுட்பம் அறிந்திருந்தான்’ என்ற தலைப்புகள் புறப்பட்டன. இதை நாம் ஏற்பதற்கில்லை. ஆய்வுகளை மறுப்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. அவற்றிலும் வாளைப் பற்றிய முடிவு ஒரேயொரு வாளின் துண்டை நம்பியிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம். நம் தடை வேறு. அத்தலைப்பு குயவனைப் புகழ்வதுபோல் தோன்றி, அவன் உண்மையில் அறிந்திருந்ததை மறைத்துவிடுகிறது. பானையைக் கவிழ்த்து அடுக்கி, உள்ளே காற்றுப் புகாமல் செய்தால் உட்புறம் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும் என்று அவன் அறிந்திருந்தான். சூளையின் நிறத்தைப் பார்த்து வெப்பத்தை அறிந்தான். இந்த அறிவு விட்ருவியஸின் உலைக்காரனுக்கும், சீன மைக்காரனுக்கும், மூசை வைத்த கொல்லனுக்கும் இருந்த அதே வகை அறிவு. அது நானோ அன்று. அதற்கு நானோ என்ற பட்டம் தேவையும் இல்லை. மெழுகுவத்திச் சுடரிலேயே வைரம் உட்பட நானோ அளவிலான பலவகைக் கரிமம் பிறக்கிறது என்று 2011இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் காட்டினர். விநாடிக்குப் பதினைந்து லட்சம் வைரத் துகள்கள் என்பது அவர்கள் கணக்கு. விளக்கேற்றியவர் அனைவரையும் வைர வணிகர் என்று சொல்வோமா?

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கொல்லர் குலத்தில் பிறந்த பாரடே, 1819இல் வூட்ஸ் எஃகை ஆராய்ந்து, அதன் சிறப்புக்கு அதில் கலந்த அலுமினியக் கூறே காரணம் என்று கருதினார். அது பிழை. பெருமை கரிமத்துக்கு உரியது. உலகின் தலைசிறந்த சோதனையாளர் கூறாய்ந்து தவறியதை, பெயர் தெரியாத ஒருவர் இலை கட்டை கொண்டு ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். செய்யத் தெரிந்தவருக்கு விளக்கத் தெரியாது. விளக்க வந்தவருக்குச் செய்யவும் விளக்கவும் வரவில்லை.

1991க்குப் பின் நானோகுழாய்மீது பெருநிறுவனங்கள் கொண்ட நம்பிக்கை அளவு கடந்தது. எஃகைவிட வலியது, அதைவிட எடை குறைந்தது, மின்சாரம் கடத்துவது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஆண்டுக்கு 200 டன் செய்யும் ஆலையை லீவர்குசனில் 2010இல் திறந்தது. 2013இல் அத்தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. வாங்குவோர் வரவில்லை. நீண்ட குழாய்கள் ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகிக்கொள்ளும். அவற்றைப் பிளாஸ்டிக்கில் சீராகக் கலப்பதே பெரும்பாடு. பின்னர் மின்வாகனங்கள் பெருகியபோது வேறொரு வாயிலில் வரவேற்புக் கிடைத்தது. லித்தியம் மின்கலத்தின் மின்முனையில் மின்சாரம் ஓடக் கரித்தூளைக் கலப்பது முன்னரே உள்ள வழக்கம். அதைவிடக் குறைந்த அளவு குழாய் அதே பணியைச் செய்கிறது. வலிமைக்காகப் பிறந்ததாகக் கருதப்பட்ட பொருள், கரித்தூளுக்கு உதவியாளாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. தகடு வடிவான கிராஃபீன், 2004இல் மான்செஸ்டரில் ஒட்டுநாடாவால் உரித்தெடுக்கப்பட்டு 2010இல் நோபெல் பரிசு பெற்றது. அதன் தொழில் வரலாற்றை எழுதும் காலம் இன்னும் கனியவில்லை.

கரியின் கதையில் நுரையீரல்களும் உண்டு. 1775இல் இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளுக்குள் ஏறித் துப்புரவு செய்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதைக் கவனித்து, அதற்குத் தோல் மடிப்பில் தங்கும் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோய் என்று முதலில் இனங்காணப்பட்டது அதுவே. ஐந்தாறு வயதில் புகைபோக்கிக்குள் ஏற்றப்பட்ட பிள்ளைகள் அவர்கள். ஆலையில் செய்யும் கரித்தூள் அடுப்புக் கரியைவிடத் தூயது. நச்சுப்பிசின் அதில் மிகக் குறைவு. ஆயினும் உலகச் சுகாதார அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்னும் 2பி பிரிவில் அதை வைத்திருக்கிறது. நீண்டு விறைத்த பலசுவர் நானோகுழாய்கள் எலிகளின் வயிற்றறையில் கல்நார் இழைகளைப் போன்றே அழற்சியை உண்டாக்குகின்றன என்று 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினர். 2014இல் அத்தகைய குழாய்களில் ஒரு வகை அதே 2பி பிரிவில் சேர்ந்தது.

ஆலைச் சட்டங்கள் தூசியை எடையால் அளந்து வந்தன. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை, பணியிடக் காற்றில் கன மீட்டருக்கு 3.5 மில்லிகிராம் கார்பன் பிளாக் என்று வரம்பிட்டிருந்தது. ஒரு சிட்டிகைக்கும் குறைவு. முப்பது நானோமீட்டர் உருண்டைகளாக அதைக் கணக்கிட்டால் ஒரு கோடி கோடிக்கும் மேற்பட்ட துகள்கள். டயருக்கு வலுவைத் தந்தது எடையன்று, பரப்பு. நுரையீரலின் சிற்றறைகளைத் தொடுவதும் அந்தப் பரப்புத்தான். வணிகத்தில் துகளின் அளவைப் பார்த்து விலை வைத்தவர்கள், பாதுகாப்பில் மட்டும் எடையோடு நின்றுவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் வேதிப்பொருள் சட்டத்தின்கீழ், நானோ வடிவிலுள்ள பொருளின் துகளளவு, வடிவம், மேற்பரப்பு ஆகியவற்றைத் தனியே பதிவு செய்யவேண்டும் என்று விதித்தது 2020ஆம் ஆண்டு சனவரி முதல்தான். இடையில் ஆலைகளே ஒன்று செய்திருந்தன. தூள் பறந்து வீணாகாமலும் அள்ளுவதற்கு எளிதாகவும் இருக்க, கரித்தூளை நீர் சேர்த்துச் சிறு மணிகளாக உருட்டி உலர்த்தி அனுப்பும் முறை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. ரப்பர் ஆலைக்கு மூட்டையில் வந்திறங்குவது அந்த மணிகள்தாம். அவை மீண்டும் நொறுங்கித் தூளாவது, மூட்டையை அவிழ்த்துக் கலவை எந்திரத்தின் வாயில் கொட்டும் அந்தச் சில விநாடிகளில்.